வடிகால் மூடிமேல் இரண்டு கொடிகள்

இன்று காலை பால் வாங்கப் போனபோது தெருமுனையில் ஈரச் சிமெண்ட் வாசனை. உங்களுக்கு அது புதுவீட்டு வாசனையாக இருக்கலாம். எனக்கு அது வெள்ளத்தின் வாசனை. நிமிர்ந்து பார்த்தால் எண்ணூர்ப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. குனிந்து பார்த்தால் மழைநீர் வடிகால் மூடியின்மேல் நாலைந்து பையன்கள் செங்கல் அடுக்கி முடித்துப் பூசிக்கொண்டிருக்கிறார்கள்.

"இன்னாப்பா கட்றீங்க?"

"கொடிமேடைண்ணே. கூட்டணி ஆயிடுச்சில்ல, ரெண்டு கொடியும் ஒண்ணா ஏறப்போவுது."

அடப்பாவிகளா! மறுபடியும் அதே மூடிமேலேயா?

திருவொற்றியூரில் எங்கள் தெரு ஒரு விசித்திரம். இடப்பக்க வீடுகள் ஒரு வார்டு, வலப்பக்க வீடுகள் இன்னொரு வார்டு. குப்பை வண்டி வந்தால்கூட ஒரு பக்கத்துக் குப்பையை மட்டும் அள்ளிக்கொண்டு, எதிர்ப்பக்கத்தைத் திரும்பியும் பார்க்காமல் போகும். தெருத் தண்ணீர் வடிகாலுக்குள் இறங்குகிற தொட்டிகள் இரண்டும் முனையில் அடுத்தடுத்து இருந்தன. மேலே ஓட்டை போட்ட கான்கிரீட் மூடி. யார் வீட்டு வாசலும் இல்லை, எந்த வார்டுக்காரனும் கேள்வி கேட்க மாட்டான். கொடிக்கம்பம் நட அதைவிடத் தோதான இடம் ஏது? ஒரு கட்சி ஒரு மூடிமேல் மேடை கட்டியது. மற்றக் கட்சி அடுத்த மூடிமேல் ஒரு சாண் உயரமாகக் கட்டியது. இரண்டு கொடியேற்றத்திலும் லட்டு வாங்கித் தின்றவன் நான். அப்போது தண்ணீர் எங்கே போகும் என்று எனக்கும்தான் தோன்றவில்லை.

அந்த நாளில் வார்டு ஆபீசில் தற்காலிக வேலை எனக்கு. போனில் வருகிற புகாரைக் கேட்டு, "பாத்துடலாம்மா" என்று சொல்வதுதான் வேலை. அதில் நான் கெட்டிக்காரன். வலப்பக்கக் கவுன்சிலர் லூர்து அண்ணன், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். இடப்பக்கக் கவுன்சிலர் பச்சையம்மா அக்கா, காசிமேட்டில் மீன் விற்றவர். மேடை கட்டிய அந்த இரண்டு கட்சிக்காரர்கள்தான் இருவரும்; முகம் பார்க்க மாட்டார்கள். கல்யாண வீட்டில் அக்கா பந்தியில் உட்கார்ந்தால், அண்ணன் மொய் எழுதிவிட்டுச் சாப்பிடாமலே கிளம்பிவிடுவார்.

அப்புறம் வந்தது அந்த மழை. விடியும்போதே தெருவில் இடுப்பளவுத் தண்ணீர். கறுப்புத் தண்ணீர், டீசல் நாற்றம். தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்த என் தங்கை செல்விக்கு இடுப்புவலி எடுத்துவிட்டது. ஆம்புலன்ஸ் வந்து முனையிலேயே நின்றுவிட்டது. கட்டிலோடு தூக்கிப் பார்த்தோம். முன்னால் பிடித்தவர் கால் சாக்கடைக்குள் இறங்கி, கட்டில் சாய்ந்து, செல்வி வீறிட்டாள். திரும்பக் கொண்டுவந்து வீட்டு மேசைமேல் படுக்க வைத்தோம். வீட்டுக்குள்ளும் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

நான் முனைக்கு ஓடினேன். ஓடினேன் என்ன, நீந்தாத குறைதான். அங்கே மாநகராட்சி ஆட்கள் கடப்பாரையோடு சும்மா நின்றுகொண்டிருந்தார்கள். மேடையை உடைத்தால் தண்ணீர் இறங்கிவிடும், எல்லோருக்கும் தெரியும். ஆனால் கொடி பறக்கிற மேடையில் கை வைக்க எவனுக்குத் துணிச்சல்? மேடைகளுக்கு ஒரு பக்கம் அண்ணன் ஆட்கள், மறுபக்கம் அக்கா ஆட்கள். "அவனுங்க மேடைய மொதல்ல ஒடை" என்று இரண்டு பக்கமும் ஒரே பாட்டு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு வாய்க்கு வந்தபடி கத்தினேன்.

"அங்க என் தங்கச்சி சாவுறா, நீங்க இங்க கொடிக்குக் காவல் காத்துகினு கீறீங்களா?"

பச்சையம்மா அக்காதான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தண்ணீரைத் தள்ளிக்கொண்டு, நேராக லூர்து அண்ணன் எதிரில் போய் நின்றார்.

"அண்ணாத்தே, என் கொடிய நானே எறக்கினா மேலிடம் என்னைத் தூக்கிடும். உனுக்கும் அதான் கதி. உன் கொடிய நான் எறக்குறேன், என் கொடிய நீ எறக்கு."

"இன்னாமா வெளையாடுறியா? உன் ஆளுங்க என்னை உயிரோட வுடுவானுங்களா?"

"நான் பக்கத்துல நின்னு என் கையால வாங்கிக்கிறேன். எவன் மேல வர்றான்னு பாக்குறேன்."

அண்ணன் அக்கா மேடையருகே போய்ச் செருப்பைக் கழற்றினார். எதிர்க்கட்சிக் கொடிதான், ஆனாலும் செருப்போடு மேடை ஏறவில்லை. அக்கா கொடி மெல்ல இறங்கியது. அக்கா ஆட்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். எந்தப் பக்கத்திலிருந்து முதல் கல் வருமோ என்று நான் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தேன். அக்கா தன் கொடியை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, அடுத்த மேடையில் ஏறி அண்ணன் கொடியை இறக்கினார். அண்ணன் இரண்டு கையும் நீட்டி வாங்கிக்கொண்டார்.

"இன்னும் இன்னாடா பாத்துகினு கீறீங்க? போடுறா!" என்று அண்ணன் போட்ட சத்தம் துறைமுகம் வரை கேட்டிருக்கும்.

கடப்பாரை இறங்கியது. மேடை பெயர்ந்ததும் தண்ணீர் சுழித்துக்கொண்டு உள்ளே போன சத்தம் இருக்கிறதே, அதைவிட நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை. தண்ணீர் முழங்காலுக்கு வந்ததும் செல்வியை நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கினார்கள். இரண்டு கட்சிக்காரர்களும், ஆளுக்கொரு நாற்காலிக் கால் பிடித்து. ஆஸ்பத்திரிக்குள் போன கொஞ்ச நேரத்தில் பெண் பிறந்தது. தெரு அவளுக்கு வைத்த பெயர் கூட்டணி. செல்விக்கு இன்றுவரை அதில் கோபம்தான்.

அதற்குப் பிறகு ஒரு நல்ல காலம் இருந்தது, நம்புவீர்களா? சனிக்கிழமை காலையில் முனை டீக்கடை பெஞ்சில் அண்ணனும் அக்காவும் சேர்ந்து உட்காருவார்கள். எந்தப் பக்கத்து வீட்டுக்காரரும் யாரிடமும் சொல்லலாம். குழாயில் சாக்கடை வருகிறதென்றால் இருவரும் ஒன்றாக மண்டல அலுவலகத்துக்குப் போவார்கள். ஒருவர் கத்துவார், மற்றவர் சமாதானம் பேசுவார். வேலை நடந்துவிடும். குப்பை வண்டிகூட இரண்டு பக்கமும் அள்ளியது. ஆபீசில் போனே வராமல் நான் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு மேலே இரண்டு கட்சியும் கைகோத்துக்கொண்டன. கூட்டணி தர்மப்படி இந்தத் தேர்தலில் இரண்டு வார்டில் ஒன்று வேறொரு கட்சிக்கு என்று பேச்சு. மிச்சமிருக்கிற ஒரு சீட்டு அண்ணனுக்கா அக்காவுக்கா? அன்றோடு பெஞ்சு காலி. எதிரிகளாக இருந்தபோது ஒன்றாக டீ குடித்தவர்கள், ஒரே அணி ஆனதும் பேசுவதில்லை. டீக்கடைக்காரர் பெஞ்சை எடுத்துவிட்டு அங்கே குளிர்பானப் பெட்டி வைத்துவிட்டார்.

இன்று பால் பையோடு முனையில் நின்றபடியே, வந்து இந்த மேடையை நிறுத்துங்கள் என்று இருவருக்கும் போன் போட்டேன்.

"அந்தம்மா வந்தா நான் வரேன்" என்றார் அண்ணன்.

"அவுரு மொதல்ல வரட்டும்" என்றார் அக்கா.

பையன்கள் அதற்குள் பூச்சு வேலை முடித்துவிட்டார்கள். மேடை நன்றாகத்தான் இருக்கிறது, பழையதைவிட அகலம். இரண்டு மூடியையும் ஒன்றாக அடைக்கிற அளவுக்கு. எதிர்வீட்டுப் பெண் தலைப்பிரசவத்துக்கு நேற்றுத்தான் வந்திறங்கினாள், கை நிறைய வளையலோடு. நான் வீட்டு வாசலுக்கு வந்தால், அவள் மாடியில் நின்று மழை வருமா என்று என்னைக் கேட்கிறாள். என் கையில் முதல் தூறல் விழுந்துவிட்டது.