பச்சை வெல்வெட் போட்ட கார்

எங்கள் குடும்பத்தில் இந்தக் கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். சாஹுல் ஹமீது சாச்சா சொன்னால் அது யானைக் கதை. அவருடைய ராத்தா, அதாவது அக்கா, பாயிஸா மாமி சொன்னால் அது இடுப்பு வலிக் கதை. நான் அனீஸா சாச்சியின் வாயால் கேட்டவன், ஆகவே என்னுடையதுதான் சரியான கதை. சந்தேகம் உள்ளவர்கள் தாங்களே ஒன்று எழுதிக்கொள்ளட்டும்.

அனீஸா சாச்சி என் உம்மாவின் தங்கை. கண்டி கட்டுக்கலையில் பிறந்தவர். சின்ன வயதிலேயே, கொழும்பு வீதியில் புடவைக்கடை வைத்திருந்த சாஹுல் ஹமீதுக்கு நிக்காஹ் செய்து கொடுத்தார்கள். எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்தார். அதனால் கல்யாணம் முடிந்தும் சாச்சி பார்த்த உலகம் ஒரு முழம்கூட நீளவில்லை. அதே வீடு, அதே குசினி அடுப்பு, குசினிக் கதவைத் திறந்தால் அதே மலை. கண்டியில் மலை இல்லாத பக்கம் ஏது? ஒரு மலையை விட்டுத் திரும்பினால் அடுத்தது வந்து நிற்கும். எங்கள் வீட்டு முற்றத்துக்கு வெயில் வருவதற்கே மலை மனசு வைக்க வேண்டும் என்பார் சாச்சி. வெளியே போவதென்றால் அக்குறணை, மிஞ்சிப்போனால் பாயிஸா மாமி இருந்த கலகெதர. அதுவும் திரை போட்ட வண்டியில். ஊருக்கு ஊர் போனாலும் சாச்சி கண்டது திரையைத்தான்.

கல்யாணமான புதிதில் ஒருநாள், சாச்சியின் பெரியவாப்பா மஹ்மூத் ஹாஜியார் மக்கா போய்விட்டு வந்தார். பெண்கள் எல்லாரும் கூடி உட்கார்ந்து கஃபாவைப் பற்றிக் கேட்டார்கள், ஸம்ஸம் தண்ணீரைப் பற்றிக் கேட்டார்கள். பேச்சுவாக்கில் ஹாஜியார், "ஒட்டகத்துல போற பாதையில சில இடத்துல ஒண்டுமே இல்ல. மண்ணும் வானமும் மட்டும்" என்றார்.

"மலையும் இல்லயா பெரியவாப்பா?" என்று சாச்சி கேட்டார்.

"மலையும் இல்ல, மரமும் இல்ல."

"அப்ப எங்கட கண் எதுல போய் முட்டும்?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. இது என்ன கேள்வி, போய்ச் சோற்றைப் போடு என்று ஹாஜியாரும் சிரித்தார். சாச்சி சோற்றைப் போட்டார், ஆனால் சிரிக்கவில்லை. பதில் கிடைக்காத அந்தக் கேள்வி அவரோடேயே தங்கிவிட்டது. பிள்ளைகள் பிறந்தார்கள், வளர்ந்தார்கள், கேள்வி மட்டும் பிறந்த இடத்திலேயே இருந்தது.

அது 1938ஆம் வருஷம். தெற்கே யால காட்டைத் தேசியப் பூங்கா என்று அரசாங்கம் அறிவித்திருந்தது. ஒரு இரவு சாப்பாட்டில் சாச்சா அந்தப் புதினச் செய்தியை அவிழ்த்தார். துரைமார் எல்லாம் காரில் போகிறார்களாம், யானையும் சிறுத்தையும் நம் ஊர் ஆடு மாடு மாதிரி ரோட்டில் நிற்குமாம். கடைக்குச் சரக்கெடுக்க வரும் அம்பாந்தோட்டை மலாய் வியாபாரி ஒருவர் சொன்னதையும் சேர்த்துச் சொன்னார். அந்தப் பக்கம் மழை மறந்த பூமி. கடலோரத்தில் மணல் மேடு, உள்ளுக்குள் முள்ளுப் புதர்ப் பற்றை, நடுவில் வெறும் பொட்டல்.

சாச்சியின் கை கறிச்சட்டியில் அப்படியே நின்றது.

"அங்க மலை ஈக்கா?"

"மலை எங்கயன் அங்க? தட்டையாத்தான் ஈக்கிமாம்."

"நாங்களும் ஒருக்கா போவோமே."

சாச்சாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மனைவி யானை பார்க்க ஆசைப்படுகிறாள் என்று முடிவு கட்டிக்கொண்டார். பெரஹெரா ஊர்வல யானை வருஷாவருஷம் கண்டித் தெருவில் அசைந்து போகிறதே, அதற்கு ஏன் இவ்வளவு தூரம் என்று அவர் யோசிக்கவில்லை. ஆண்களிடம் இப்படி ஒரு பழக்கம் உண்டு. பெண்டாட்டி கேட்டதை விட்டுவிட்டு, அதற்குப் பக்கத்தில் இருப்பதைக் கொண்டுவந்து கொடுத்துப் பூரித்துப்போவார்கள். நானும் அந்தச் சாதிதான், அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

பெரஹெரா முடிந்த கையோடு போவதென்று பேச்சு. சாச்சி பிள்ளைகளை எங்கள் உம்மாவிடம் விடுவதென்று ஏற்பாடு செய்துவிட்டு, கல்யாணத்துக்குத் தயாராவது போலத் தயாரானார். கண்டிக்காரர்களுக்குப் பூங்கா என்றால் பேராதனைத் தோட்டம்தான். புல்லில் பாய் விரித்து, புரியாணிச் சஹனைச் சுற்றி உட்கார்ந்து, சாப்பிட்டுவிட்டு மர நிழலில் சாய்வது. ஆகவே பெரிய பாய் ஒன்று, நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் சஹன் தட்டு, மூங்கில் மர நிழலில் போட இரண்டு தலையணை எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. அரசாங்கக் கச்சேரியில் வேலை பார்த்த ராஜலிங்கம் என்ற யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் கடைக்கு வேட்டி எடுக்க வந்தபோது, சாச்சா பெருமையாக இதைச் சொன்னார்.

"ஓம், போங்கோ, நல்ல இடம். ஆனா பாய் என்னத்துக்கு?" என்றார் அவர். "காரை விட்டு இறங்கேலாது. நீங்கள் சாப்பிட இருக்க, சிறுத்தை உங்களைச் சாப்பிட வந்து நிக்கும்."

பாய் அலுமாரிக்கு மேலே திரும்பிப் போயிற்று. சஹனும் போயிற்று. அதற்குப் பதிலாகச் சாச்சி தண்ணீர் ஏற்பாட்டில் இறங்கினார். குழாயைத் திறந்தால் கொட்டும் ஊரில் பிறந்தவருக்குத் தண்ணீரைக் கட்டிக்கொண்டு போவதே ஒரு விளையாட்டாக இருந்தது. மண் முட்டியில் கொண்டுபோனால் கார் குலுக்கலில் உடையும், தகரத்தில் கொண்டுபோனால் கொதிக்கும் என்று யோசித்து, தகர டின்னுக்கு ஈரச் சாக்கு சுற்றித் தைத்தார். கெட்டுப்போகாமல் இருக்க இறைச்சியை உப்புப் போட்டுக் காயவைத்தார். மழைக் காலமே இல்லாத ஊருக்கு ஆளுக்கொரு குடையும் எடுத்து வைத்தார். கண்டியில் பிறந்தவர்களிடம் மழை வராது என்று சொன்னால் தலையை ஆட்டுவார்கள், நம்பமாட்டார்கள்.

கார் பிடித்தாயிற்று. மார்க்கட் பக்கம் வாடகைக்கார் ஓட்டும் செல்லச்சாமி வருவதாகச் சொன்னான். அவன் அந்நிய ஆண் என்பதால் கூடவே இன்னொரு பெண் வர வேண்டும். கலகெதரவிலிருந்து பாயிஸா மாமியை அழைத்தார்கள். மாமி விதவை, வாய் நீளம், வழக்கம் என்றால் உயிர். வந்திறங்கியதும் முதல் கேள்வி, "காருக்குத் திரை போட்டாச்சா தம்பி?"

சாச்சா சிரித்துக்கொண்டே கடைக்குப் போனார். மறுநாள் மாலை செல்லச்சாமியின் கார் வாசலில் வந்து நின்றது. பக்கவாட்டிலும் பின்னாலும் பச்சை வெல்வெட். பெரிய இடத்துக் கல்யாணத்துக்கென்று ஒதுக்கி வைத்திருந்த துணிக்கட்டிலிருந்து வெட்டித் தைத்தது. ஓரத்தில் தங்கச் சரிகை வேறு. தெருவே எட்டிப் பார்த்தது.

"ஏறிப் பாருங்கொ," என்றார் சாச்சா.

சாச்சி பின் சீட்டில் ஏறினார். கதவைச் சாத்தினார்கள். நல்ல சரக்கு, நூல் அளவு வெளிச்சம் உள்ளே வரவில்லை. கபுருக் குழிக்குள் போனமாதிரி இருந்தது என்று பின்னாளில் என்னிடம் சொன்னார்.

"எப்படி ஈக்கி?" என்று வெளியிலிருந்து கேட்டார் சாச்சா. குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"நல்லா ஈக்கி," என்றார் சாச்சி. இறங்கி உள்ளே போய், குசினியில் உட்கார்ந்து அழுதார்.

தங்க ஊசி என்பதற்காகக் கண்ணில் குத்திக்கொள்ள முடியுமா? ஆனால் கொண்டுவந்து கொடுத்த மனுஷரின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்வது அவ்வளவு சுலபமா? சாச்சி ஏற்பாட்டையெல்லாம் கைவிட்டார். டின்னுக்குத் தண்ணீர் பிடிக்கவா என்றால், "ஒங்கட விருப்பம்." விடியற்காலையில் கிளம்புவோமா என்றால், "ஒங்கட விருப்பம்." புருஷனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. பாவம் சாச்சா, தன் புத்திக்கு எட்டியவரை யோசித்துவிட்டு, "பச்சை பிடிக்கல்லயா? சிவப்புல மாத்தித் தரவா?" என்று கேட்டார்.

அப்போதுதான் சாச்சி வாயைத் திறந்தார்.

"திரை எதுக்குப் போடுற?"

"இது என்ன கேள்வி. அந்நிய ஆம்பிளைகள் பார்க்காம ஈக்க."

"மலையிறங்கி வெல்லவாய ஊர் தாண்டினா ஆக்கள் ஈக்கிறாங்களா?"

"அது காடு. ஆக்கள் எங்கயன்?"

"அப்ப என்னை யாருக்கிட்ட இருந்து மறைக்கிற? யானைக்கிட்ட இருந்தா?"

சாச்சா தலையைச் சொறிந்தார். கடைசியில், "செல்லச்சாமி ஈக்கிறானே," என்றார்.

"அப்ப அவனை மறைங்கொ. முன் சீட்டுக்கும் பின் சீட்டுக்கும் நடுவுல திரையைக் கட்டுங்கொ. ஊருக்குள்ள போகக்கொள்ள பக்கத்துத் திரை கீழ ஈக்கட்டும், ஊர் முடிஞ்சா நாங்க சுருட்டிக்கிறோம். நான் பார்க்கத்தான் வாறேன். பார்க்க ஏலாதெண்டா நான் வரல்ல."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் சாச்சி 'வரல்ல' என்று ஒன்றுக்குச் சொன்னது அதுதான் முதல் தடவை. சாச்சா சம்மதித்தார். ஆனால் அவர் சம்மதித்தால் போதுமா? பாயிஸா மாமி மாட்டேன் என்றால் பயணம் அதோடு சரி. மாமி ஒரு பகல் முழுக்க வெற்றிலையை மென்றுகொண்டு கதிரையில் உட்கார்ந்து யோசித்தார். சாச்சி குசினியிலிருந்து எட்டி எட்டிப் பார்த்தார், அடுப்பில் சோறு கரிந்தது.

"ஆம்பிளைகள் திரைக்குள்ள, நாங்க வெளியிலயா?" என்று அசர் தொழுகைக்குப் பிறகு மாமி ஒருவழியாகப் பேசினார். "கேட்டா ஊர் சிரிக்கும். ஆனா பிழையெண்டு சொல்லவும் ஏலாமத்தான் ஈக்கி. சரி. வெல்லவாய வர முந்தி ஒரு பொத்தான் கழரக்கூடாது. தம்பியும் டிரைவரோட முன்னுக்குத்தான் ஈக்கணும். கால் நீட்ட எனக்கி இடம் வேணும்."

அந்தக் கடைசி வசனத்துக்காகத்தான் மாமி சம்மதித்தார் என்பது என் அபிப்பிராயம். தையற்காரன் வெல்வெட்டைப் பிரித்து, பொத்தானும் நாடாவும் வைத்துத் தைத்துக் கொடுத்தான். சாச்சி மறுபடி தண்ணீர் டின் வேலையில் இறங்கினார்.

கிளம்பிவிட்டார்கள். கம்பளை, நுவரெலியா, பண்டாரவளை எல்லாம் சாச்சிக்கு வெல்வெட்டின் மணமாகத்தான் தெரியும். வளைவுக்கு வளைவு மாமி வாந்தி எடுத்தார், வாந்திக்கு நடுவில் பொத்தானை எண்ணினார். வெல்லவாய தாண்டிச் சுருட்டியபோது இரண்டு பக்கமும் காட்டு மரம் நெருக்கிக்கொண்டு நின்றது. கண் எட்டடி போய் மரத்தில் முட்டியது. சாச்சிக்கு நெஞ்சு இடிந்துபோயிற்று. அன்றிரவு அம்பாந்தோட்டையில் மலாய் வியாபாரியின் வீட்டில் தங்கினார்கள். இங்கேயும் ஒன்றுமில்லாமல் போய்விட்டால் இனி வாழ்நாளில் கிடைக்காது என்று நினைத்து, சாச்சி தூங்கவே இல்லை.

காலையில் யாலவுக்குள் போனார்கள். பற்றைக் காடு, பிறகு சேறு காய்ந்து வெடித்த குளம், மான் கூட்டம், மயில். சாச்சா முன் சீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் திரைக்கு இப்பாலிருந்து அறிவித்துக்கொண்டே போனார். பின்னாலிருந்து மாமி முணுமுணுத்து ஓதும் திக்ரு மட்டும் கேட்டது. சாச்சியிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. சாச்சாவின் உற்சாகம் மெல்ல மெல்ல இறங்கிற்று. இத்தனை பாடுபட்டுக் கூட்டிவந்தும் இவளுக்குப் பிடிக்கவில்லையோ என்று அவருக்குள் ஒரு பயம் வந்துவிட்டது.

பற்றை திடீரென்று ஒரு பக்கம் முடிந்தது. அங்கேதான் யானை நின்றது. கொம்பன், தனி யானை. ரோட்டோரத்தில், காருக்குப் பக்கத்தில், காது அசைய நின்றுகொண்டிருந்தது. செல்லச்சாமி இஞ்சினை நிறுத்தினான். மாமியின் திக்ரு நின்றது. சாச்சா சந்தோஷத்தில் சீட்டை விட்டுப் பாதி எழுந்துவிட்டார்.

"அனீஸா," என்று மெதுவாகக் கூப்பிட்டார். "தெரியிதா?"

திரைப் பக்கம் காதைச் சாய்த்தார்.

"அனீஸா, தெரியிதா இல்லயா?"

"தெரியல்ல," என்றது சாச்சியின் குரல். "யானை மறைக்கிது. காரைக் கொஞ்சம் தள்ளி நிப்பாட்டச் சொல்லுங்கொ."

சாச்சா திரையின் ஓரத்தைத் தூக்கிப் பின்னால் பார்த்தார். சாச்சி ஜன்னலில் இரண்டு கையையும் ஊன்றி, கழுத்தை நீட்டி, யானையின் முதுகுக்கும் அப்பால் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு மரம் இல்லை, மேடு இல்லை. காய்ந்த வெளி போய்க்கொண்டே இருந்தது, போன இடத்தில் வானம் இருந்தது. சாச்சியின் முகம் முழுக்கக் கண்ணீர். யானைக்காக அவள் வரவில்லை என்பது சாச்சாவுக்கு அப்போதுதான் விளங்கிற்று.

திரையை விட்டுவிட்டு முன்னால் திரும்பினார்.

"செல்லச்சாமி, காரை முன்னுக்கு எடு."

"மொதலாளி, இப்ப இஞ்சின எழுப்பினா யானை வெரட்டும்ங்க."

பூனை குறுக்கே வந்தாலும் கடைப் படியில் நின்று யோசிக்கிற மனுஷர் அவர்.

"வெரட்டினா வெரட்டட்டும்," என்றார். "அவளுக்குத் தெரியல்ல. நீ எடு."