துணிக் காவல்

அயர்லாந்தின் மேற்குக் கடலோரத்தில் ஞாயிற்றுக்கிழமை நடக்கப் போயிருந்தோம். நான் சமைக்கும் உணவகத்து ஆட்கள் நான்கு பேர். இலையுதிர் காலம். பாறைச் சரிவில் செடியெல்லாம் இலை பழுத்துக் கிடந்தது. சாரல் பக்கவாட்டில் அடித்தது. கூட வந்த புளியங்குடிக்காரன் உடுப்பைக் கழற்றி என் கையில் திணித்தான்.

"அண்ணாச்சி, எல்லார் துணியயும் பாத்துக்கிடுங்க. ஒரு முங்கு முங்கிட்டு வாரோம்."

ஈரத்துணியின் வாடை மூக்கில் ஏறியது. அது குற்றாலத்து வாடை.

அப்பா செத்தபின் தென்காசியில் மாமா வீட்டில் கிடந்தேன். சாரல் மாதங்களில் ஞாயிறுதோறும் மாமா குடும்பத்தோடு அருவிக்குப் போவார். அவர்கள் பஸ்ஸில் போவார்கள். நான் எண்ணெய்த் தூக்குவாளியோடு நடந்து போவேன். அங்கே குரங்குகள் துணியைத் தூக்கிக்கொண்டு ஓடும். அதனால் ஒருவர் கம்போடு காவல் நிற்க வேண்டும். அது எப்போதும் நான்தான்.

ஒருநாள் கேட்டேன். "மாமா, நானும் ஒருதடவ குளிக்கட்டா?"

மாமா தலையில் எண்ணெயை அப்பிக்கொண்டே சொன்னார். "நீ குளிச்சா துணிய எவம்லே பாப்பான்? உங்கப்பன் எந்திரிச்சி வருவானா?"

அத்தை சிரித்தாள். அவர்கள் மகன் தன் ஈரத்துண்டை என் தலையில் போட்டு, "இந்தா, நீயும் நனைஞ்சிட்டல்லா" என்றான்.

எட்டாம் வகுப்போடு ஊரை விட்டேன். இன்றுவரை அந்த அருவியில் நின்றதில்லை.

கடலுக்குள் அவர்கள் கூச்சல் போட்டார்கள். இங்கே குரங்கு கிடையாது, காற்று உண்டு. துணிகளை விளிம்புப் பாறையில் வைத்தேன். மேலே கல் வைக்கவில்லை. பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தேன்.

"அண்ணாச்சி, துணி பறக்குது!" என்று பின்னால் ஒரு அலறல் கேட்டது. நான் திரும்பவில்லை.