அண்ணையின் ஹிந்தி

அண்ணைக்கு ஹிந்தி தெரியும் என்பது ரொறன்ரோவில் ஒரு குருவிக்கும் தெரியக்கூடாது என்று நான்தான் சட்டம் போட்டேன். அவர் வந்து இறங்கிய முதல் கிழமையே போட்டேன். வெக்ஸ்போர்ட்டில் நாங்கள் இருந்த கட்டடத்துக்குக் கீழே ஒரு வட இந்தியர் கடை வைத்திருந்தார். பால் வாங்கப் போன அண்ணை அவரோடு ஹிந்தியில் கதைத்துச் சிரித்துக்கொண்டு நின்றதைக் கண்டேன். கையைப் பிடித்து இழுக்காத குறையாக மேலே கூட்டிக்கொண்டு வந்து கதவைப் பூட்டினேன்.

"உங்களுக்கு என்ன விசரே? எங்கட ஆக்கள் எத்தினை பேர் அந்தக் கடைக்கு வந்து போறவை?"

"பால் வாங்கினதுக்கும் குற்றமோ?" என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, இனிக் கதைக்கேல்லை" என்றார்.

அந்த ஹிந்தி பம்பாயில் வந்தது. எண்பதுகளின் நடுவில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஓர் ஏஜென்சிக்காரனை நம்பிப் போனவர், இன்றைக்கு அனுப்புறன், நாளைக்கு அனுப்புறன் என்ற பேச்சில் ஒரு லொட்ஜ் அறைக்குள் இரண்டு வருடம் கிடந்தார். கடைசியில் ஏஜென்சிக்காரன் காசோடு மாறிவிட்டான். அண்ணை ஹிந்தியையும் வயிற்றுப்புண்ணையும் கொண்டு ஊருக்குத் திரும்பினார். அவர் திரும்பிய அதே வருடம்தான் இந்திய ஆமி யாழ்ப்பாணத்துக்கு வந்தது. சமாதானம் செய்ய வந்தவர்கள் என்று சனம் மாலை போட்டது. மாலை வாடி இரண்டு மாதம் ஆகவில்லை, இயக்கத்துக்கும் அவர்களுக்கும் சண்டை தொடங்கிவிட்டது.

ஒருநாள் சந்தியில் பஸ்ஸை மறித்து எல்லாரையும் வெயிலில் இறக்கி விட்டார்களாம். ஒரு சிப்பாய் கத்துகிறான், ஒருவருக்கும் விளங்கவில்லை. விளங்காததால் அவனுக்கு இன்னும் கோபம். வரிசையில் நின்ற அண்ணைக்குப் பொறுக்க முடியவில்லை. ஹிந்தியில் இரண்டு வசனம் சொன்னார், பஸ்ஸை விட்டுவிட்டார்கள். சனம் கைகூப்பி நன்றி சொல்லியதாம். அடுத்த நாள் காலை எங்கள் ஒழுங்கைக்குள் ஜீப் வந்து நின்றது. வருகிறாயா என்று அவர்கள் கேட்கவில்லை, ஏறு என்றார்கள். அதன் பிறகு அவர்கள் வீடு வீடாகச் சோதனைக்குப் போகும்போதெல்லாம் அண்ணை நடுவில் நின்றார். அவர்கள் கேட்பதைத் தமிழில் சொல்ல வேண்டும், சனம் சொல்வதை ஹிந்தியில் சொல்ல வேண்டும்.

நான் அதற்கு முன்னமே ஊரை விட்டு வந்துவிட்டேன். "ஒரு வேலை கிடைத்திருக்கிறது" என்று மட்டும் கடிதத்தில் எழுதுவார். நானும் நல்லது என்று இருந்தேன்.

தொண்ணூறில் அந்த ஆமி கப்பலேறிப் போனது. அவர்களோடு நின்றவர்களை இயக்கம் தேடத் தொடங்கியது. அண்ணை மாட்டு வண்டியில் வைக்கோலுக்குள் கிடந்து ஊரைக் கடந்து, கொழும்புக்கு வந்து, பிறகு எத்தனையோ நாடு சுற்றி என்னிடம் வந்து சேர்ந்தார். அம்மாவும் கடைசித் தங்கச்சியும் அதே வீட்டில் இருந்தார்கள். மகன் கொழும்பில் மேசன் வேலை செய்கிறான் என்று அம்மா ஊருக்குச் சொல்லி வைத்திருந்தா. இங்கே ஒருவன் வாய் திறந்தால் அங்கே அம்மாவின் படலையை யாராவது தட்டுவார்கள். அந்தப் பயத்தோடுதான் நான் அந்த நாட்களில் சோறு தின்றேன்.

இனி என் கெட்டித்தனத்தைச் சொல்கிறேன். ஊரில் ஆங்கிலம் படிப்பித்தவள் என்பதால் எங்கள் கட்டடத்தில் அரைவாசிப் பேருக்கு நான்தான் கேஸ் எழுதிக் கொடுத்தேன். கேஸ் என்றால், ஏன் அகதியாக வந்தேன் என்று அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுக்கும் கதை. ஒருவருடைய கேஸ் அக்செப்ட் ஆகிவிட்டால் அதன் போட்டோகொப்பி வீடு வீடாகப் போகும். சட்டை வெட்டுகிறவர்கள் அளவுச் சட்டை இரவல் வாங்குவது மாதிரித்தான். ஊரை மாற்றி, மாதத்தை மாற்றி, பெயரைப் போட்டால் அடுத்தவருக்கும் பொருந்தும். பொய் என்று நாங்கள் நினைக்கவில்லை. அடிபட்டது எல்லாரும்தானே.

அண்ணைக்கும் அப்படித்தான் செய்தேன். பக்கத்து வீட்டுக்காரரின் கேஸை எடுத்தேன். யாழ்ப்பாண ரவுணில் இலங்கை ஆமி பிடித்தது, பத்து நாள் வைத்திருந்து அடித்தது, உறவினர் கெஞ்சி எடுத்தது. அழகான ஆங்கிலத்தில் எழுதினேன். இந்திய ஆமி என்று ஒரு சொல் இல்லை. அண்ணைக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தார்.

ஹியரிங்குக்கு இரண்டு கிழமை இருக்கும்போது லோயர் எங்களைக் கூப்பிட்டா. மெல்லிய வெள்ளைக்காரப் பெண், எப்போதும் தடிமனும் தும்மலும். மூக்கைத் துடைத்துக்கொண்டே கேட்டா: "இதில் எழுதியிருக்கிற வருடம் யாழ்ப்பாண நகரத்தில் இலங்கை இராணுவம் முகாமுக்குள்தானே இருந்தது? அப்படியென்றால் இவரைப் பிடித்தது யார்?"

என் தலைக்குள் யாழ்ப்பாணம் நான் விட்டுவிட்டு வந்த வருடத்திலேயே நின்றிருக்கிறது. ஆமி என்றால் எனக்கு ஓர் ஆமிதான். இரவல் கதையின் வருடத்தை அண்ணையின் வருடத்துக்கு மாற்றியபோது, அந்த வருடம் சந்திகளில் நின்றது வேறு நாட்டு ஆமி என்று எனக்கு உறைக்கவே இல்லை. ஊரில் இருந்த குழந்தைக்கும் தெரிந்த விஷயம். எவ்வளவு பெரிய மடைச்சி நான்.

வேறு வழி இல்லாமல் உண்மையைச் சொன்னேன். லோயர் பேனையை வைத்துவிட்டா.

"ஆனால் அந்தப் போரில் இந்தியா நடுநிலை நாடு அல்லவா? அமைதி காக்கத்தானே போனார்கள்?"

சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று எனக்கு வந்தது. நடுநிலை என்பதை இந்தப் பெண்ணுக்கு எந்த ஆங்கிலத்தில் விளங்கப்படுத்துவது? நடுவில் நிற்க வந்தவர்கள் எங்களில் ஒருவனைப் பிடித்துத் தங்களுக்கும் சனத்துக்கும் நடுவில் நிறுத்தினார்கள், போகும்போது அவனை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள் என்றேன். அவ அதை எழுதிக்கொண்டா. கதையை மாற்றத்தான் வேண்டும், மாற்றினால் சந்தேகப்படுவார்கள், மாற்றாவிட்டால் நிச்சயம் தோல்வி என்றா. பிறகு குரலைத் தாழ்த்தி இன்னொன்று சொன்னா. இவர் மொழிபெயர்த்ததால் யாருக்காவது உயிர்ச் சேதம் வந்திருந்தால், அந்தக் குற்றத்தில் இவருக்கும் பங்கு என்று சொல்லிக் கதவைச் சாத்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது. "அப்படி ஏதாவது நடந்ததா, கேளுங்கள்."

நான் அண்ணையைக் கேட்கவே இல்லை. "இல்லை" என்று நானே சொன்னேன்.

சப்வேயில் வரும்போது, "கடைசியா அவ என்ன கேட்டவ?" என்றார் அண்ணை. சொன்னேன். வண்டி இரண்டு ஸ்டேஷன் கடந்தது. பிறகு என்னைப் பாராமல் சொன்னார்.

"ஒரு பெடியன். தாய் பயத்தில 'பின்வளவுக் கொட்டிலுக்க படுத்திருக்கிறான், அவனுக்குக் காய்ச்சல்' எண்டு சொல்லிப்போட்டா. வேற நாளெண்டால் நான் மாத்திச் சொல்லுவன். எத்தினையோ பேருக்கு மாத்திச் சொல்லியிருக்கிறன். அண்டைக்குப் பக்கத்தில மெட்ராஸ் சிப்பாய் ஒருத்தன் நிண்டவன், அவனுக்குத் தமிழ் தெரியும். எனக்குப் பயம் வந்திட்டுது. அப்பிடியே சொல்லிப்போட்டன்."

"பிறகு?"

"கொண்டு போனவங்கள். நான் ஒவ்வொரு நாளும் விசாரிச்சனான். வேற காம்ப்புக்கு அனுப்பியாச்சு எண்டாங்கள். அவன் திரும்பி வரேல்லை."

எனக்கும் பயம் பிடித்தது. அந்தப் பிள்ளையை நினைத்து என்று எழுத ஆசைதான். இல்லை, அண்ணையை நினைத்துத்தான். "உதை அங்க வாய் திறந்து சொல்லாதேங்கோ, அண்ணை. சொன்னியள் எண்டால் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள். அங்க உங்களை ஆர் முதல்ல பிடிப்பினம் எண்டுகூடத் தெரியாது" என்றேன். அவர் தலையாட்டினார்.

ஹியரிங் ஒரு காலை நேரம். சின்ன அறை, முன்னால் இரண்டு அதிகாரிகள், மேசை நடுவில் ஒரு கசெற் ரெக்கோடர். சொந்தக்காரி என்று என்னைச் சுவரோரக் கதிரையில் இருக்க விட்டார்கள். பிறகு மொழிபெயர்ப்பாளர் உள்ளே வந்தா. நாற்பது வயது மதிக்கத்தக்க எங்கட மனுசி. பொட்டு, குளிர் கோட்டு, வாயைத் திறந்தால் அச்சொட்டான யாழ்ப்பாணம். எங்கட ஆக்கள் இரண்டு பேர் சந்தித்தால் முதல் கேள்வி எந்த ஊர் என்பதுதான், இரண்டாவது கேள்வியில் சொந்தமே பிடித்துவிடுவார்கள். இவ கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திராது. ஒரு பக்கமும் சாராமல் மொழிபெயர்ப்பேன் என்று சத்தியம் செய்துவிட்டு அண்ணையின் பக்கத்தில் இருந்தா.

அண்ணை எல்லாவற்றையும் சொன்னார். பம்பாய், பஸ், ஜீப், வைக்கோல். ஒவ்வொரு வசனமும் அந்த மனுசியின் காதுக்குள் போகும்போது எனக்கு அம்மாவின் படலைச் சத்தம் கேட்டது. அவ பிசகாமல் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு வந்தா. கெட்டிக்காரி. முதல் எழுதிய கதை ஏன் பொய் என்று கேட்டார்கள். "பயம்" என்றார் அண்ணை. என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

கடைசியில் வயதான அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். நீர் மொழிபெயர்த்ததால் யாருக்காவது தீங்கு வந்ததா?

அண்ணை திரும்பி என்னைப் பார்த்தார். நான் மெல்லத் தலையை ஆட்டினேன். இல்லை என்று சொல்லுங்கோ, ஒரு சொல்தானே. அவர் மேசையைப் பார்த்தார்.

"ஓம். ஒரு பெடியன். தாய் சொன்னதை நான்தான் அவங்களுக்கு அப்பிடியே சொன்னனான். நான் சொல்லியிருக்காட்டி அவனைக் கண்டுபிடிச்சிருக்க மாட்டாங்கள்."

முடிந்தது என்று நினைத்தேன். விமானம், கட்டுநாயக்கா, விலங்கு எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தன. மொழிபெயர்ப்பாளர் கிளாசை எடுத்து ஒரு மிடறு தண்ணீர் குடித்தா. பிறகு ஆங்கிலத்தில், அதே குரலில் சொன்னா: "ஆம். ஒரு பையன். அவனுடைய தாய் சொன்னது அவர்களுக்கு விளங்கிவிட்டது. அவனைக் கண்டுபிடித்துக்கொண்டு போனார்கள். என்னால் தடுக்க முடியவில்லை."

அந்த அறையில் இரண்டு மொழியும் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். லோயர் எழுதிக்கொண்டிருந்தா. அண்ணை, தான் சொன்னதெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அதிகாரியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி ஆங்கிலத்தில் ஒரு வசனம் சொன்னார். அதை அவ தமிழில் சொன்னா: "அதை நினைச்சுக்கொண்டு இருக்கிறது உங்களுக்குச் சரியான கஷ்டமாயிருக்கும் எண்டு சொல்லுறார்." அண்ணை குலுங்கிக் குலுங்கி அழுதார். நான் எழும்பவில்லை, வாயும் திறக்கவில்லை. கசெற் சுற்றிக்கொண்டிருந்தது.

வெளியில் லிஃப்டுக்கு நிற்கும்போது அவ எனக்குப் பக்கத்தில் வந்து நின்றா. "நீங்கள் இங்க வந்தோ இங்கிலிஷ் படிச்சனீங்கள்?" என்று கேட்டா.

"இல்லை, ஊரிலயே படிப்பிச்சனான்."

அவவின் முகம் வெளிறியது. மாற்றிச் சொன்ன அவவுக்கு என்னைப் பார்த்துப் பயம் என்று அப்போதுதான் விளங்கியது. நன்றி சொல்ல வாய் எடுத்தேன். லிஃப்டுக்குள் ஏறாமல் படிக்கட்டால் இறங்கிப் போய்விட்டா.

இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. அக்செப்ட். கட்டடமே வந்து கை கொடுத்தது. எனக்கு மட்டும் அந்தக் கசெற் பயம் போகவில்லை. ஏதோ ஒரு பெட்டிக்குள் கிடக்கிறது, தமிழ் தெரிந்த ஒருவர் எடுத்துப் போட்டுக் கேட்டால் போதும். அண்ணைக்கு நான் சொல்லவில்லை. முதலில் நேரம் பார்த்துச் சொல்வோம் என்று இருந்தேன், பிறகு சொல்ல முடியாமல் போய்விட்டது. ஏனென்றால் அவர் நித்திரை கொள்ளத் தொடங்கியிருந்தார். "எல்லாத்தையும் கேட்டுப்போட்டும் அந்த மனுசன் என்னை இருக்கச் சொன்னவன்" என்பார். கலியாணம் செய்தார், அஜக்ஸில் வீடு வாங்கினார்.

அங்கே குடிபோன வருடத்தில் ஒருநாள் என் கையில் ஓர் என்வலப்பைத் தந்தார். அந்தப் பெடியனின் தாய்க்கு எழுதியது. "கனடாவில பெரியாக்களுக்கு முன்னால எல்லாத்தையும் சொல்லிட்டன், அவை என்னை மன்னிச்சுப்போட்டினம், நீங்களும் மன்னிக்க வேணும்" என்று நாலு பக்கம். பின்னால் தன் பெயர், தன் விலாசம். "நீதானே அம்மாவுக்கு ஆக்களிட்டைக் கடிதம் குடுத்து விடுறனி. இதையும் அனுப்பிவிடு" என்றார்.

அந்த என்வலப்பை ஊரில் யாராவது உடைத்தால்? அம்மா அப்போதும் அங்கேதான் இருந்தா. "ஓம், அனுப்புறன்" என்று வாங்கிக்கொண்டு வந்து அலுமாரியின் அடித்தட்டில் வைத்தேன்.

ஒவ்வொரு முறை போகும்போதும், பதில் வந்ததோ என்று கேட்பார். இல்லை என்பேன். ஒரு வருடத்துக்கு மேல் கேட்டார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் கேட்காமலேயே சொன்னார்:

"அவ என்னை மன்னிக்கேல்லை. சரிதானே, அவ ஏன் மன்னிக்கவேணும்?"

இப்போதாவது சொல்லு என்று என் மனம் அடித்துக்கொண்டது. அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். நான் எழும்பித் தேத்தண்ணி போடப் போனேன்.