செல்வம் வீட்டு ப்ரொடெக்ஷன்

"ண்ணா, இந்த ப்ரொடெக்ஷன் சனியனைப் புடுங்கிப் போட்டுடு. ஒரே ரோதனையா கீது!"

வில்லியனூரில் உள்ள என் சர்வீஸ் கடைக்கு மூன்றாவது தடவையாக ஆம்ப்ளிஃபயரைத் தூக்கி வந்த மணப்பட்டு செல்வம் சொன்னது இது. மீன் வியாபாரி. தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் எடையில், ஊரிலேயே பெரிய வாட்ஸ் செட்டாகப் பார்த்து வாங்கியிருந்தான்.

"நல்லாத்தான் பாடுது. திடீர்னு உள்ள டொக்குன்னுது, வாய மூடிக்குது. ஆறப் போட்டா திரும்பப் பாடுது. ஞாயித்துக்கெழம பொண்ணுக்கு நிச்சயம்ணா. வாடகை செட்டு வேணாம், என் செட்டுதான்னு ஊரெல்லாம் சொல்லிட்டேன். சம்பந்தி ஒக்காந்துனு இருக்க சொல்ல இது நின்னுச்சின்னா, என் பொண்டாட்டி தம்பி கீறானே, ஆயுசுக்கும் சொல்லிச் சொல்லி சிரிப்பான்."

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். செட்டை ஆன் செய்ததும் கொஞ்சம் பொறுத்து 'டொக்' என்று ரிலே ஒட்டும். அப்புறம்தான் ஸ்பீக்கருக்கு இணைப்பு. அவுட்புட்டில் டி.சி. வந்தாலோ, ஒயர் ஷார்ட் ஆனாலோ, சூட்டை வாங்கும் ஹீட் சிங்க் கொதித்தாலோ அதே ரிலே விட்டுவிடும். இதுதான் ப்ரொடெக்ஷன். அந்த ரிலேயைத் தாண்டி நேராக ஒரு ஜம்பர் ஒயர் அடித்தால் பாட்டு நிற்கவே நிற்காது. ஆனால் என்றைக்காவது ஒரு டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் மொத்த டி.சி.யும் ஸ்பீக்கர் காயிலில் இறங்கிப் புகை வரும், சில வீட்டில் நெருப்பே வந்திருக்கிறது. ஜம்பர் அடிக்கச் சொல்லிக் கெஞ்சியவர்தான் அன்றைக்கு முதல் ஆளாக நம் சட்டையைப் பிடிப்பார்.

"அது மட்டும் முடியாதுபா" என்றேன்.

முந்தைய இரண்டு தடவையும் நான் சும்மா திருப்பி அனுப்பவில்லை. ஆறினால் பாடுகிறது என்றால் சூடுதான் காரணம் என்று ஃபேனைத் துடைத்து, தெர்மல் பேஸ்ட் மாற்றி, கடையில் நாள் முழுக்க அலற விட்டுப் பார்த்தேன். சிணுங்கவே இல்லை. ஒரே ஒரு அதிசயம், இவன் செட்டு உள்ளே இருந்தால் கடை வாசலில் பூனைகள் கூடிவிடும். மீன் வண்டியில் வந்த சாமான் மீன் வாசனைதானே அடிக்கும் என்று விட்டுவிட்டேன்.

இந்தத் தடவை செட்டை அவனோடே அனுப்பிவிட்டு, சனிக்கிழமை மீட்டரை எடுத்துக்கொண்டு மணப்பட்டுக்கே போனேன். அடைமழை. செல்வம் கூடத்தில் பாட்டைப் போட்டான். நன்றாகவே பாடியது. அப்போது அவன் மனைவி வள்ளி உள்ளேயிருந்து வந்தாள். கையில் ஒரு முறம், முறம் நிறைய அரைகுறையாகக் காய்ந்த நெத்திலி. கொடியில் துண்டைப் போடுவதுபோல அதை ஆம்ப்ளிஃபயர் மேல் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"இன்னாமா இது?"

"நெத்திலிண்ணா."

"அது தெரியுது. அத எதுக்கு இதுமேல வைக்கிற?"

"இந்த மழையில வேற எங்க காயும்? இது நல்லா கதகதன்னு கீது. அவரு ஏலத்துக்குப் போனாக்கூட நானே பாட்டு போட்டுப்பேன். சத்தம் சின்னதா வச்சா சூடு பத்தல, அதான் பெருசா வைக்கிறது."

செல்வம் தலையில் கை வைத்துக்கொண்டான். "அடியே, இத்த தூக்கித் தூக்கியே முதுவு போச்சுடி!"

"மேல இன்னா வைக்கிறன்னு ஒரு வார்த்த கேட்டியாயா நீ?"

அவன் தினமும் பார்த்ததுதான். கருவாடு எங்கே காய்கிறது என்பது தான் கவனிக்க வேண்டிய சங்கதியாக அவனுக்குத் தோன்றவில்லை. நானும்தான் கேட்கவில்லை.

"மேல கீற ஓட்டைங்க வழியாத்தான்மா அது மூச்சு வுடுது. நீ மூக்கப் பொத்திட்ட" என்றேன்.

"அய்யே, மொதல்லயே சொல்றதுக்கின்னா!" என்று முறத்தை எடுத்தாள். செட்டின் மூடியைக் கழற்றி, உள்ளே விழுந்திருந்த உப்பையும் செதிலையும் பிரஷ் போட்டுத் துடைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் நிச்சயத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். வெளியே மழை, அதனால் மொத்த ஜனமும் கூடத்துக்குள். பாட்டு அமர்க்களமாகப் போனது. பூரணாங்குப்பத்து சம்பந்தியம்மா பழத்தட்டோடு வந்தார், வைக்க இடம் தேடினார், அகலமாக ஒரு மேடை கண்ணில் பட்டது. ஆம்ப்ளிஃபயர் மேல் வைத்துவிட்டார். பின்னால் வந்த பெண்கள் புடவைத்தட்டு, பூத்தட்டு என்று வரிசையாக அதன் மேலேயே நெருக்கி அடுக்கினார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா வைத்த தட்டை எடுங்கள் என்று எந்த வாயால் சொல்வது? பக்கவாட்டில் கை வைத்துப் பார்த்தேன், தோசைக்கல்லாகக் கொதித்தது. முன்வரிசையில் வள்ளியின் தம்பி, அந்த மச்சான்காரன், கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். செல்வம் என் காதருகே வந்தான். "ஜம்பரு அடின்னு சொன்னனேண்ணா..."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வள்ளி வந்தாள்.

"இன்னா சம்பந்தி இது? மகாலட்சுமியாட்டம் வந்த தட்டு, பாட்டுப் பொட்டி மேலயா இருக்கறது? சாமி படத்தாண்ட வைக்கலாம், குடுங்க."

ஒவ்வொரு தட்டாகக் கண்ணில் ஒற்றி எடுத்துப்போனாள். சம்பந்தியம்மாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. ரிலே அசையவில்லை. அதற்கப்புறம் வள்ளி அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை. மச்சான்காரன் காப்பி டம்ளரை மேலே வைக்கப்போனான்.

"எட்ரா கைய!" என்று அவள் போட்ட சத்தம் பாட்டையும் தாண்டிக் கேட்டது. சிரிக்கக் காத்திருந்தவனைப் பார்த்து ஊரே சிரித்தது.

இப்போதெல்லாம் ப்ரொடெக்ஷன் விழுகிறது என்று யார் வந்தாலும், ஸ்க்ரூ டிரைவரை எடுக்குமுன் மேலே என்ன வைக்கிறீர்கள் என்றுதான் கேட்கிறேன். மடுகரையில் ஒரு வீட்டில் இட்லி மாவு, பாகூரில் ஈர சாக்ஸ். ஒன்றும் வைக்கவில்லை என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

நிச்சயத்தன்று நான் கிளம்பும்போது செல்வம் தலையைச் சொறிந்தான். "ஜம்பரு வேணாண்ணா. அதான் இவ நிக்கிறாளே."

வள்ளி ஒரு பொட்டலத்தைக் கையில் திணித்தாள். "இந்த மிஷின்ல காஞ்சதுண்ணா."

தொழில் மனசாட்சிக்கு விரோதமாக ஒன்றைச் சொல்லித்தான் ஆகவேண்டும். அந்த மழைக்காலத்தில் அவ்வளவு பதமாகக் காய்ந்த நெத்திலியை நான் வேறெங்கும் தின்னவில்லை.