மறியலில் கிடைத்த சரணம்

எண்பதுகளின் பிற்பகுதி. இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் மரத்தை வெட்டிச் சாலையில் போட்டு மறியல் நடந்துகொண்டிருந்த நேரம். சின்னசேலத்திலிருந்து சேலத்துக்குக் கிளம்பிய எங்கள் பஸ் நாலு மைல்கூடத் தாண்டவில்லை. குறுக்கே ஒரு பெரிய புளியமரம் கிடந்தது. திரும்பிப் போகலாம் என்றால், பின்னாலும் ஒன்றைச் சாய்த்துவிட்டார்கள்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. கள்ளக்குறிச்சியில் ஒரு கச்சேரிக் குழுவில் சினிமாப் பாட்டுப் பாடிப் பிழைத்துக்கொண்டிருந்தவன் நான். கல்வராயன் மலைக் கோயில் சாமி மேல் பக்திக் கேசட் போடலாம் என்று சேலத்தில் ஒரு கேசட் கம்பெனிக்காரர் கூப்பிட்டிருந்தார். ஆனால் ஓடின சினிமாப் பாட்டு மெட்டில்தான் பாடவேண்டுமாம். "அது திருட்டுங்க. என் சொந்த மெட்டுன்னா பாடறேன், இல்லன்னா ஆள வுடுங்க" என்று முகத்துக்கு நேராகவே சொன்னேன். சரி, ஒரு பாட்டுப் பாடிக் காட்டு, பார்க்கலாம் என்றார். அப்படிப் பாடிக் காட்டக் கிளம்பிய நாள்தான் அது.

பல்லவி நன்றாக வந்திருந்தது. சரணம்தான் மூன்று மாதமாக ஒட்டவே இல்லை. எதையோ ஒப்பேற்றி வைத்திருந்தேன்.

மறியல் செய்த இளைஞர்கள் என் ஆர்மோனியப் பெட்டியைப் பார்த்துவிட்டார்கள்.

"யோவ், சும்மாதான குந்திக்கினு கீற? ஒரு பாட்டு எடுத்து வுடேன்."

"மரத்த எடுங்க, பாடறேன்."

"நல்லாப் பாடு, யோசிக்கிறோம்."

கடுப்பில், "இது என் சொந்த மெட்டு" என்று உரக்கச் சொல்லிவிட்டுப் பல்லவியைப் பாடினேன். நடவு முடிந்து, காலில் சேறு காயாமல் வேடிக்கை பார்க்க வந்த பெண்கள் ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். என் வயதுள்ள ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இன்னா சிரிப்பு?" என்று எரிந்து விழுந்தேன்.

"சொந்த மெட்டா? நாங்க நட்டுக்கினே பாடறதுங்க இது. சாமி பேர மட்டும் சொருவிக்கினீங்களா?"

"பொய்" என்றேன். அவள் வாதாடவில்லை. பாடினாள். நாற்றும் சேறுமாக வார்த்தைகள் வேறு, மெட்டு அதேதான். அதோடு நின்றாளா? மேலே போனாள் பாருங்கள்! நான் மூன்று மாதமாகத் தேடிய சரணம். சடாரென்று உச்சிக்கு ஏறி, அங்கேயே ஒரு நொடி தொங்கி, குனிந்து நாற்றை ஊன்றுகிற வேகத்தில் இறங்கியது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது.

அப்போதுதான் உறைத்தது. சொந்த ஊரான நைனார்பாளையத்தில் எங்கள் நிலத்தில் நடவு நடக்கும்போது சின்ன வயதில் வரப்பில் உட்கார்ந்திருப்பேன். அன்று அரைகுறையாகக் காதில் விழுந்ததைத்தான் என்னுடையது என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ குதிக்கவேண்டும்போல இருந்தது. "இன்னொரு வாட்டி! இன்னொரு வாட்டி!" என்று கத்தினேன்.

"இன்னாங்க, வூட்டுக்குப் போவ வுட மாட்டீங்களா? மறியல் பண்றது அவங்களா, நீங்களா?" என்றாள். சாலையே சிரித்தது. ஐந்து முறை பாடவைத்துத்தான் விட்டேன். பஸ்ஸில் இருந்தவர்களெல்லாம் இறங்கி வந்து கைதட்டினார்கள்.

வழி திறந்த பிறகு சேலம் போய்ப் பாடினேன். கம்பெனிக்காரர் எழுந்து நின்றுவிட்டார். "இதான்யா மெட்டு! மொத்தப் பாட்டும் நீயே போடு" என்றார். இந்த மெட்டு நடவுப் பெண்களுடையது என்று கேசட் அட்டையில் அவர்கள் ஊர்ப் பேரோடு போடவேண்டும் என்றேன். முகம் மாறியது.

"சாமி கேசட்ல நடவுப் பாட்டுன்னு போட்டா எவன்யா வாங்குவான்? உன் பேரப் போட்டுக்கோ. அவங்களா வந்து கேக்கப் போறாங்க?"

அந்தக் கடைசிக் கேள்விதான் என்னைக் கொளுத்தியது. சினிமாக்காரனிடம் எடுத்தால் திருட்டு என்று கத்தினேனே, கேட்க வரமுடியாதவர்களிடம் எடுத்தால் அதற்கு என்ன பெயர்? பெட்டியை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தக் கேசட்டை வேறொருவர் சினிமா மெட்டில் பாடினார். நன்றாக விற்றது. பஸ் ஸ்டாண்டு கடைகளில் அது அலறும்போதெல்லாம் பொறாமையில் வெந்தேன். பொய் சொல்ல மாட்டேன்.

நான் இன்றும் கல்யாணக் கச்சேரிப் பாடகன்தான். நடுவில் இந்த ஒரு பாட்டை மட்டும், இது யாருடையது என்று மைக்கில் சொல்லிவிட்டுத்தான் பாடுகிறேன். பிடிபட்ட நாளை நினைத்து இத்தனை வருஷமாகச் சந்தோஷப்படுகிற திருடன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.