யாரும் அழிக்க முடியாத படம்

“என் மூஞ்சி படத்துல விழுந்தா ஒலகம் அழிஞ்சிடுமா? பெத்தவ நானு. என்னை அழிக்கச் சொல்ல நீ யாரு?”

மூத்தவள் ரேணுகாவின் கல்யாண மண்டபத்தில் லட்சுமியம்மாள் நாத்தனார் செல்லம்மாளைக் கேட்ட கேள்வி இது. கேட்டு என்ன பிரயோஜனம்? புருஷன் செத்தவள் தாலி கட்டும் படத்தில் நிற்கக் கூடாதாம். செல்லம்மாள் போட்டோக்காரன் தோளிலேயே தொங்கிக்கொண்டு, கேமராவின் பின்னால் இருந்த திரையில் ஒவ்வொரு படமாகப் பார்த்து அழிக்க வைத்தாள். ஆல்பம் வந்தபோது பெற்றவள் ஒரு பக்கத்திலும் இல்லை. உப்பளத்தில் கூடை சுமந்து அந்தக் கல்யாணத்தைச் செய்தவள் அவள்தான்.

இளையவள் தமிழ்நிலாவுக்கு நிச்சயமானதும் லட்சுமியம்மாள் அளத்திலிருந்து நேராக அந்தோணிராஜின் ஸ்டுடியோவுக்குப் போனாள். காலில் உப்புச்சேறுகூடக் காயவில்லை.

“ஏம்பா, எடுத்தவொடனே படத்த யாரும் பாக்க முடியாத கேமரா இருக்குதா?”

அந்தோணிராஜ் சிரித்தான். விஷயத்தைக் கேட்டதும் சிரிப்பு நின்றது.

“எங்கப்பாவோட ஃபிலிம் கேமரா இருக்குதும்மா. கழுவுற வரைக்கும் நான்கூட பாக்க முடியாது. கறுப்பு வெள்ளைன்னா நானே கழுவிடுவேன். கலர்னா மெட்ராஸுக்கு அனுப்பணும், லேட்டாவும்.”

“கலரே போடு. மஞ்சக்கயிறு மஞ்சளா தெரியணும். வெள்ளையத்தான் தெனம் அளத்துல பாக்குறேனே, கண்ணு பூத்துப் போச்சு.”

“மண்டபத்துல வெளிச்சம் கம்மி. எண்ணூறு நம்பர் ஃபிலிம்தான் சரிப்படும். ஆனா படம் பொடிப்பொடியா தெரியும்.”

“உப்புக்காரி படத்துல பொடி தெரிஞ்சா இன்னாப்பா? மூஞ்சி தெரியுமா, அத்த சொல்லு.”

தமிழ்நிலாவின் கல்யாணத்தில் கெட்டிமேளம் கொட்டியபோது லட்சுமியம்மாள் தானாகத் தூணோரம் ஒதுங்கினாள். வாயில் இருந்த தைரியம் காலில் இல்லை.

“அங்க இன்னாம்மா பண்றீங்க? பொண்ணு பக்கத்துல வாங்க!” என்று அந்தோணிராஜ் கத்தினான். தமிழ்நிலா மணையிலிருந்தே கையை நீட்டி அம்மாவை இழுத்தாள். தாலி ஏறியது, படமும் விழுந்தது.

செல்லம்மாள் பாய்ந்து வந்தாள். “டேய், காட்டு பாக்கலாம்.”

கேமராவைத் திருப்பிக் காட்டினான். பின்னால் வெறும் கறுப்பு மூடி.

“எங்கடா படம்?”

“உள்ள இருக்குதும்மா. மூடியத் தொறந்தா இதுவரைக்கும் எடுத்ததெல்லாம் வெளுத்துடும். மாப்ள வூட்டுக்கு நீங்களே பதில் சொல்லிக்கோங்க.”

செல்லம்மாள் முணுமுணுத்துக்கொண்டே பந்திக்குப் போனாள். கோபத்தில் பாயசத்தை இரண்டு முறை கேட்டு வாங்கினாள்.

மெட்ராஸிலிருந்து வந்த படங்களில் சில இருட்டடித்திருந்தன. தாலி கட்டும் படம் தப்பித்திருந்தது. மகளின் தோளைப் பிடித்தபடி லட்சுமியம்மாள், வாயைப் பிளந்து அழுதுகொண்டு. பொடி தெரிந்தது. கயிறு மஞ்சளாக இருந்தது. அவள் படத்தை முந்தானையால் துடைத்தாள், பிறகு கண்ணை.

“நல்லா இருப்பப்பா. உன் புள்ளகுட்டிங்கல்லாம் நல்லா இருக்கும். என் பொண்ணு பக்கத்துல எனக்கு எடம் குடுத்த. ஆனா வாய மூடச் சொல்லிட்டு எடுத்திருக்கலாம்.”

“மூடுவீங்களாம்மா?”

“அதுவும் சரிதான்.”

அன்றைக்கே பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் கண்ணாடி ஃப்ரேம் வாங்கிப் படத்தை நடுவீட்டில் மாட்டினாள். ஃப்ரேம் முந்நூற்றைம்பது ரூபாய், அளத்தில் அவளுடைய ஒரு நாள் கூலி.