அடியில்லாத பாக்கெட்

பஸ் முழுசாக நிற்பதற்கு முன்பே ஜோவிதாவின் வலது கை குர்தா பாக்கெட்டுக்குள் போய்விடும். இடது தோளில் கத்தரி, சீப்பு, டிரையர் எல்லாம் அடைத்த பை. இடது கை கம்பியில். பின்னால் நிற்கிறவர் யாராவது, "சீக்கிரம் எறங்கும்மா" என்றால், "எறங்கத்தான் போறேன் சார், இங்கயே வாடகைக்கா இருக்கப் போறேன்" என்பாள். கீழே கால் பட்டதும் முதுகு நிமிரும், முகவாய் மேலே போகும். பாக்கெட்டில் கை விட்டபடி லிங்கராஜபுரம் ரோட்டில் அவள் நடந்து போவதைப் பார்த்தால், மஃப்டியில் ரவுண்ட்ஸ் வந்த போலீஸ் அம்மா என்றுதான் நினைக்கத் தோன்றும்.

சர்ச் பாட்டுக் குழுவில் இருக்கும் இளம்பெண்கள் சிலர் அந்த நடையில் மயங்கி, தாங்களும் பாக்கெட் வைத்துக் குர்தா தைத்துக்கொண்டார்கள். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அவர்கள் பாக்கெட்டுக்கு அடி இருக்கிறது. ஜோவிதாவின் பாக்கெட்டுக்கு அடி கிடையாது. கையை விட்டால் நேராகத் தொடையில் போய் நிற்கும்.

குழந்தையில் வந்த போலியோ. வலது கால் சூம்பிவிட்டது. முட்டிக்குத் தானாக நிற்கத் தெம்பில்லை. ஒவ்வொரு எட்டுக்கும் கை தொடையை அழுத்திப் பிடித்தால்தான் கால் மடங்காமல் தாங்கும். பள்ளிக்கூடத்தில் எல்லோர் கண்ணெதிரிலும் அப்படித்தான் குனிந்து, தொடையில் கை ஊன்றி நடந்துகொண்டிருந்தாள். ஒருநாள் ஒருத்தி பின்னாலேயே வந்து, அதே மாதிரி நடந்து காட்டி, மொத்த வராந்தாவையும் சிரிக்கவைத்தாள். அன்றோடு சரி. பாவாடைக்குப் பாக்கெட் வந்தது, பாக்கெட்டுக்கு அடி போனது. அதற்கப்புறம் ஜோவிதா தொடையில் கை வைத்து நடந்ததை வெளியாள் யாரும் பார்த்ததில்லை.

இப்போது தைத்துக் கொடுப்பது அடுத்த தெரு ராதா. முதல் தடவை அளவு சொன்னபோது அவள் துணியைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தாள்.

"அக்கா, இதுல சாவி கீவி போட்டீங்கன்னா நேரா ரோட்டுக்குப் போயிடும்."

"சாவி போடறதுக்குப் பை இருக்கு. இது கை போடற பாக்கெட். நீ சும்னே தை மா" என்று சும்மாவைக் கன்னடத்தில் சொல்லி முடித்தாள்.

தொழில் முடி வெட்டுவது. கடை கிடையாது. பார்லருக்குப் போக முடியாதவர்களின் வீட்டுக்கு இவள் போவாள்: படுக்கையில் இருப்பவர்கள், ஆபரேஷன் ஆனவர்கள், பச்சைக் குழந்தையை விட்டு நகர முடியாத தாய்மார்கள், கத்தரியைக் கண்டாலே ஊரைக் கூட்டும் பொடிசுகள். பக்கத்துக் காக்ஸ் டவுன், ஃபிரேசர் டவுன் மட்டுமில்லை, அந்தப் பக்கம் ஈஜிபுரா, அடுகோடி வரைக்கும் அவளுக்கு வீடுகள் இருந்தன. யாரைப் பார்த்தாலும் முதலில் தலையைத்தான் பார்ப்பாள். குட் மார்னிங் எல்லாம் அப்புறம். சாமியார் பிரசங்கத்தில் உருகிக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் இருப்பவரிடம், "ஃபாதருக்கு ஒரு பக்கம் கிருதா எறங்கிப்போச்சு" என்று முணுமுணுக்கிற ஆள்.

வெட்டுவதற்கு முன்னால் டீ வந்தாக வேண்டும். "டீ உள்ள போனாத்தான் எனக்குக் கை ஓடும்" என்பாள். வந்த டீயை ஊதி ஊதி, ஆறவைத்து, ஆடை படியும்வரை வைத்திருந்து குடிப்பாள். வீட்டுக்காரர்கள் இதை அவளுடைய ராங்கி என்று எடுத்துக்கொள்வார்கள். விஷயம் அதுவல்ல. பஸ் ஸ்டாப்பிலிருந்து வீடு வரைக்கும் தொடையை அழுத்திக்கொண்டு வந்ததும் அந்தக் கைதான். கத்தரி பிடிக்கவேண்டியதும் அந்தக் கைதான். கொஞ்ச நேரம் சும்மா விடாவிட்டால் விரல்கள் நடுங்கும். சின்ன வயதில் அரை டம்ளர் டீயில் நின்ற நடுக்கம், நாற்பதைத் தாண்டிய பிறகு டம்ளர் காலியானாலும் நிற்கமாட்டேன் என்றது.

காக்ஸ் டவுனில் கேரல் ஆன்ட்டியின் காதில் கத்தரி பட்டது அப்போதுதான். சின்னக் கீறல். பக்கவாதத்தில் படுத்திருக்கும் அந்த அம்மாள், "பரவால்ல விடு, இன்னொரு காது இருக்குல்ல" என்று சிரித்தார். ஜோவிதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்து பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். அதன்பின் தூரத்து வீடுகளை விட ஆரம்பித்தாள். முதலில் அடுகோடி போயிற்று, அப்புறம் ஈஜிபுரா. ஆட்டோவில் போனால் வெட்டுக்கூலி ஆட்டோக்காரருக்குத்தான் சரியாக இருக்கும். இப்படியே போனால் கடைசியில் தன் தெருவில் இருக்கிற தலைகள்தான் மிஞ்சும், அப்புறம் அதுவும் மிஞ்சாது என்று அவளுக்குத் தெரிந்துபோனது.

நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு அரசாங்கம் சைடு வீல் வைத்த ஸ்கூட்டர் கொடுக்கிறது என்று கேள்விப்பட்டு மனுப் போட்டாள். டாக்டர்கள் பார்க்கவேண்டும் என்று கூப்பிட்டார்கள். இங்கேதான் அம்மணி ஒரு காரியம் செய்தாள். ஈஸ்டருக்கு எடுத்த குர்தாவைப் போட்டுக்கொண்டாள். லேசாக லிப்ஸ்டிக். தலையை அழகாக செட் பண்ணிக்கொண்டாள். முதல் நாளே வேலைக்குப் போகாமல் கைக்கு ஓய்வு கொடுத்திருந்தாள். பையை வீட்டிலேயே வைத்துவிட்டு ஆட்டோவில் போய் இறங்கினாள்.

"அந்தச் சுவர் வரைக்கும் நடந்து போயிட்டு வாங்க" என்றார்கள். நாலு பேர் பார்க்கிறார்கள் என்றால் ஜோவிதாவுக்குத் தனி வீறாப்பு வந்துவிடும். பாக்கெட்டில் கை விட்டு, நற்கருணை வாங்கப் போகிற நடை ஒன்று நடந்தாள் பாருங்கள், ஒரு தள்ளாட்டம் இல்லை. சாயங்காலம் புருஷன் ஃபிராங்க்ளினிடம் பெருமை வேறு.

"வாயே திறக்கல மேன் அவங்க. அவ்ளோ நீட்டா நடந்தேன்."

முடிவு தபாலில் வந்தது. துணை எதுவும் இல்லாமல் நன்றாக நடக்கிறார், வண்டி தேவையில்லை.

ஃபிராங்க்ளின் அடுகோடியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறவன். நல்லவன்தான், ஆனால் சிரிப்பை அடக்கத் தெரியாது. "கங்கிராட்ஸ் ஜோவி. நடைப் போட்டில நீதான் ஃபர்ஸ்ட்டு. பிரைஸ்தான் இல்ல" என்றான். அன்று அவன் தட்டில் சோறு விழுந்தது, குழம்பு விழவில்லை.

மறுநாள் அவனே வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "மேல அப்பீல் பண்ணலாமாமே. பண்ணு."

"என்னான்னு பண்றது? நான் நொண்டி, பாவம் பாருங்கன்னு போய்க் கெஞ்சணுமா?"

"நீ கெஞ்சி நான் பார்த்ததே இல்ல. அதனால வேற ஏதாவது பண்ணு."

மாடி வீட்டு அல்போன்சா அக்கா யோசனை சொல்வதில் வள்ளல். "வீல்சேர் ஒண்ணு வாடகைக்கு எடு. தலையை வாராத. உள்ள போனதும் ரெண்டு சொட்டு கண்ணீர் விடு. யாரு பார்க்கப் போறா?"

"நான் பார்ப்பேன்ல. டிராமா எல்லாம் ஆட மாட்டேன் கா."

அதே பேச்சைத்தான் முனிராஜிடமும் பேசினாள். முனிராஜ் மாற்றுத்திறனாளிகள் சங்கத்தில் இருப்பவர். இரண்டு பக்கமும் கட்டை ஊன்றி நடப்பவர். இந்த மாதிரி அப்பீல்களைப் பார்த்துப் பார்த்துப் பழுத்தவர். அவள் கதை முழுவதையும் கேட்டுவிட்டு அவர் தலையாட்டினார்.

"நோடி, பாருங்க மேடம், டிராமா வேணாம், கரெக்ட். ஆனா ஃபர்ஸ்ட் டைம் போய் நீங்க என்னா பண்ணீங்க? நல்ல டிரஸ்ஸு, ஆட்டோ, தோள்ல பை இல்ல, கைக்கு முன்னாடியே ரெஸ்ட்டு. அதுதான் மேடம் டிராமா. தினமும் எப்படிப் போறீங்களோ அப்படிப் போங்க, போதும்."

பள்ளிக்கூட வராந்தாவிலிருந்து இன்றுவரை ஆடிக்கொண்டிருந்ததற்கு அப்படி ஒரு பெயர் இருக்கும் என்று ஜோவிதா நினைத்ததே இல்லை. கோபமும் வந்தது, அவர் சொன்னது சரி என்றும் பட்டது. கடைசியில், "உங்களுக்கு உச்சியில ரொம்ப ஒட்ட வெட்டிட்டாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தாள். அப்பீலைப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள்.

மறுபடியும் கூப்பிட்டார்கள். அன்று காலையில் வழக்கம்போலக் கேரல் ஆன்ட்டிக்கு முடி வெட்டினாள். அங்கிருந்து வேலைக்குப் போட்டிருந்த அதே கசங்கிய நீலக் குர்தாவில், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பஸ் ஏறிப் போய் இறங்கினாள். வாசலில் இருந்த அட்டெண்டர் உமேஷிடம் முதலிலேயே சொல்லிவைத்தாள்.

"அண்ணா, உள்ள நான் விழுவேன். கொஞ்சம் பக்கத்துல நில்லுங்க."

அவர் இவளை ஏற இறங்கப் பார்த்தார். "விழற ஆள் மாதிரி தெரியலையேம்மா."

"அதான் பிரச்சனையே."

உள்ளே நடந்த பேச்சு முழுக்கக் கன்னடத்தில். ஜோவிதா வீட்டுக்கு வந்து தமிழில் சொன்னபடி இங்கே. மேஜைக்குப் பின்னால் ஒரு அதிகாரியும் ஒரு டாக்டரம்மாவும் இருந்தார்கள். டாக்டரம்மாவுக்கு யாரோ அவசரத்தில் வெட்டின ஸ்டெப் கட். பார்த்ததும் ஜோவிதாவுக்கு நாக்கு துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டாள்.

அதிகாரி பழைய ரிப்போர்ட்டைப் புரட்டினார். "போன தடவை துணையில்லாமத்தானே நடந்தீங்க?"

"துணை இருந்துச்சு சார். நீங்க பார்க்கல. நான் காட்டவும் இல்ல." டாக்டரம்மா பக்கம் திரும்பினாள். "மேடம், இந்த பாக்கெட்ல கை விட்டுப் பாருங்க."

டாக்டர் தயங்கினார். பிறகு எழுந்து வந்து கையை விட்டார். கர்சீப்போ போனோ தட்டுப்படும் என்று நினைத்திருப்பார். கை உள்ளே போய்க்கொண்டே இருந்து, மெல்லிய துணிக்கு அந்தப் பக்கம், எலும்பாக இளைத்த தொடையில் போய் நின்றது. அதில் ஓர் இடம் மட்டும் காய்ப்பேறிக் கெட்டியாக இருந்தது. இத்தனை வருஷம் உள்ளங்கை அழுத்திய இடம். டாக்டர் கையை உடனே எடுக்கவில்லை.

"இப்ப கை வைக்காம நடங்க" என்றார், கொஞ்சம் தணிந்த குரலில்.

ஜோவிதா உமேஷ் எங்கே நிற்கிறார் என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். கையை வெளியே எடுத்தாள். இடது காலைத் தூக்கி முன்னால் வைக்கப் போனாள். அவ்வளவுதான், வலது முட்டி மடங்கிவிட்டது. உமேஷ் பாய்ந்து பிடித்தார். பை சரிந்து சீப்பும் கிளிப்புகளும் தரையெல்லாம் சிதறின. அவளுக்கு வெட்கமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். அந்தப் பழைய வராந்தா கண்ணுக்குள் வந்து போயிற்று. ஆனால் இந்த அறையில் யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி குனிந்து ஒரு சீப்பை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

நாற்காலியில் உட்காரவைத்ததும் அவள் வலது கையை அவர்கள் முன்னால் நீட்டினாள். விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. அதை மறைக்க அங்கே டீ டம்ளர் எதுவும் இல்லை.

"இந்தக் கைதான் மேடம் எனக்குக் கால். இதுதான் கத்தரியும் பிடிக்குது. நான் வண்டி கேக்கறது காலுக்கு இல்ல, கைக்கு."

டாக்டர் எழுதினார். தாங்கிப் பிடித்துத்தான் நடக்க முடிகிறது, வண்டி அவசியம் என்று எழுதியதை வாசித்தும் காட்டினார். "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார் அதிகாரி. "முதல்ல எனக்கே தெரியாது சார்" என்றாள் ஜோவிதா. கதவு வரை போனவளுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. திரும்பி நின்று, "மேடம், பின்னால ஒரு பக்கம் ஏறிப்போயிருக்கு. அடுத்த தடவை பார்த்து வெட்டச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்தாள்.

வண்டி வர மழைக்காலம் முடிந்துவிட்டது. சிவப்பு ஸ்கூட்டர், பின்னால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு குட்டிச் சக்கரம். இப்போது காலையில் ஃபிராங்க்ளினைப் பின்னால் உட்காரவைத்து அடுகோடிப் பட்டறையில் இறக்கிவிட்டு, விட்டுப்போன வீடுகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் பிடிக்கிறாள். டீ இன்றைக்கும் கேட்கிறாள். ஆனால் சூடாகவே குடித்துவிடுகிறாள்.

வண்டி வந்த முதல் நாள் சாயங்காலத்தை மட்டும் சொல்லிவிடவேண்டும். கேரல் ஆன்ட்டி வீடு வரைக்கும் போய் ஜன்னலுக்குக் கீழே ஹார்ன் அடித்துக் காட்டிவிட்டுத் தெருவுக்குத் திரும்பினாள். பார்க்க எல்லோரும் கூடியிருந்தார்கள்: அல்போன்சா அக்கா, ராதா, பாட்டுக் குழுப் பெண்கள். ஜோவிதா ராஜதோரணையில் வண்டியை நிறுத்தினாள், இறங்கினாள், சாவியை உருவினாள். பழக்கதோஷம், கை தானாகப் பாக்கெட்டுக்குப் போனது, சாவியையும் அதிலேயே போட்டாள். சாவி குர்தாவுக்குள்ளேயே இறங்கி, ணங்கென்று தரையில் விழுந்தது.

"நான் அன்னிக்கே சொன்னேன்ல" என்றாள் ராதா. பாட்டுக் குழுப் பெண் ஒருத்தி எடுத்துக் கொடுக்கக் குனிந்தாள்.

"இரு மா" என்றாள் ஜோவிதா.

வலது கையைப் பாக்கெட்டுக்குள் விடவில்லை. குர்தாவுக்கு மேலேயே, அத்தனை பேரும் பார்க்க, தொடையில் வைத்து அழுத்தினாள். நிதானமாகக் குனிந்து, இடது கையால் சாவியை எடுத்தாள். நிமிர்ந்த பிறகும் கையை அங்கிருந்து எடுக்காமல், அப்படியே வீட்டுக்குள் நடந்து போனாள்.